முதல் மனை வாங்குகிறீர்களா? வில்லங்கச் சான்றிதழோடு நிறுத்திவிடாதீர்கள்

'இசி (வில்லங்கச் சான்றிதழ்) சுத்தமா இருக்கு, அப்புறம் என்ன?' என்று முன்பணம் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. வில்லங்கச் சான்றிதழில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும்தான். பதிவு செய்யாத உயில், வெளியாளிடம் அடகு வைத்த மூலப் பத்திரம், பங்கு கேட்கக்கூடிய வாரிசுகள் எதுவும் அதில் தெரியாது. அதனால் 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். மூலப் பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸை மட்டும் காட்டி நாள் கடத்தினால் எனக்கு உடனே சந்தேகம் வரும். குடும்பச் சொத்து என்றால் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். கல்யாணமாகிப் போன அக்கா, தங்கையும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம்.

பட்டாவில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றா? நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு சர்வேயரோடு இடத்துக்கே போய் நான்கு பக்கமும் அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 1200 சதுர அடி இருந்து, தரையில் பக்கத்து வேலி இரண்டடி உள்ளே வந்திருக்கும். லேஅவுட்டுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது, சென்னைப் பகுதியில், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதிவுச் செலவை மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய் மனைக்கு அதுவே 1.8 லட்சம்.