சின்ன காருக்குப் புது டயர்: மைலேஜும் குறையக் கூடாது, மழையில் பிரேக்கும் பிடிக்க வேண்டும்

நல்ல மைலேஜ் தரும் சின்ன காருக்கு முதல்முறை டயர் மாற்றும்போதுதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். விலை குறைந்ததைப் போட்டுவிட்டு வண்டி முன்பு மாதிரி ஓடவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு, மைலேஜ் டயர் என்று கேட்டு வாங்கிவிட்டு மழையில் பிரேக் அடித்தால் வழுக்குகிறதே என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல டயர்கள் இருக்கின்றன, தேடுகிற வரிசை தெரிந்தால் போதும்.

கடைக்குப் போகும் முன் பழைய டயரைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக அடித்து ஓட்டியிருக்கிறீர்கள், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரே ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணம், சரியில்லை. கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் அதுவும் அதே மாதிரிதான் தேயும். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் திட்டுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் பல நாடுகளில் சட்டப்படியே ஓட்டக் கூடாது. ஆனால் மழை அதிகம் பெய்யும் இடத்தில் ஓட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுங்கள். பள்ளம் ஆழம் குறையக் குறைய தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் டயர் தண்ணீர் மேலேயே மிதக்க ஆரம்பிக்கும்.

அடுத்தது அளவு. டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், அகலம் 185 மி.மீ., பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், வளையத்தின் விட்டம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண், அதாவது 560 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை தாங்கும். எடை எண்ணும் வேக எழுத்தும் கார் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகவே கூடாது. முக்கியமாக ஹைபிரிட் கார் என்றால் பேட்டரி எடையும் சேரும், அங்கே இந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள்.

"ஒரு சைஸ் அகலமாகப் போட்டுக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் டயர் எடை கூடும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற முகப்பு அகலமாகும், மைலேஜுக்காக வாங்கிய காரில் அந்த மைலேஜைத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள். 185/65 இருந்த இடத்தில் 195/65 போட்டால் டயரின் விட்டமே 13 மி.மீ. கூடிவிடும், முன்பு ஸ்பீடோமீட்டர் முள் 100 காட்டிய இடத்தில் இப்போது 98தான் காட்டும். கம்பெனி கொடுத்த அளவே சின்ன காருக்குச் சரி.

இப்போது விஷயத்துக்கு வருவோம். டயர் உருளும்போது தரையில் படும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி நிமிர்கிறது, அப்படி அமுங்கும்போது வாங்கிய சக்தியில் ஒரு பகுதியை ரப்பர் திருப்பித் தராமல் சூடாக்கி வீணடிக்கிறது. இதுதான் உருளும் தடை. இதில் 10 சதவீதம் குறைந்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும், அவ்வளவுதான். அதனால் டயர் மாற்றியே மைலேஜை அள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் டயருக்கு டயர் இந்தத் தடையில் உள்ள வித்தியாசம் பெரியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிளில் எரிபொருளுக்கு ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து படிகள், ஏ வாங்க வேண்டுமானால் கார் டயருக்கு ஒரு டன் எடைக்கு 6.5 கிலோவுக்கு மேல் தடை இருக்கக் கூடாது, கடைசிப் படியில் அது 10.6 கிலோவிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒரு டயரின் முழு ஆயுளுக்கும் கணக்குப் போட்டால் அந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியும்.

அதே லேபிளில் ஈரச் சாலையில் பிடிப்புக்கும் ஐந்து படிகள் உண்டு, நான் முதலில் பார்ப்பது அதைத்தான். தடையைக் குறைக்கிற ரப்பர் பொதுவாக ஈரத்தில் பிடிப்பையும் குறைத்துவிடும், இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவர சிலிக்கா கலந்த நல்ல ரப்பர் வேண்டும், அதற்குக் கொஞ்சம் செலவாகும். ஈரப் பிடிப்பில் ஏ அல்லது பி வாங்கிய டயர்களை மட்டும் முதலில் ஒதுக்கிக்கொண்டு, அவற்றுக்குள் உருளும் தடை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள். குழந்தைகளை உட்காரவைத்துப் போகிற வண்டி, நாலு சொட்டு பெட்ரோலுக்காக பிரேக் தூரத்தை விட்டுக்கொடுப்பது எனக்குச் சம்மதமே இல்லை. உங்கள் ஊரில் இந்த லேபிள் ஒட்டாமல் விற்றாலும், அதே மாடல் அதே அளவில் ஐரோப்பாவில் விற்கிறதா என்று தேடிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். டயருக்கு டயர் ஈரச் சாலையில் பிரேக் தூரத்தை அளந்து பார்த்த சோதனைகள் கிடைத்தால் இன்னும் நல்லது.

சிலர் காருடன் வந்த அதே டயரைத் தேடுவார்கள். நல்ல யோசனைதான், ஏனென்றால் மைலேஜ் கணக்குக்காக கார் கம்பெனிகள் தடை குறைந்த டயரைத்தான் கேட்டு வாங்குகின்றன. ஆனால் கடையில் அதே பெயரில் விற்பது வேறு கலவையில் செய்ததாக இருக்கலாம், பெயர் ஒன்று என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

இன்னொன்று, புது டயர் போட்டதும் மைலேஜ் கொஞ்சம் இறங்கும், பதறாதீர்கள். தேய்ந்த டயரில் ரப்பர் குறைவு, அதனால் தடையும் குறைவு, புதுசு தேயத் தேயத்தான் அந்த நிலைக்கு வரும். இதில் மீட்டர் காட்டும் பொய்யும் உண்டு. 185/65 ஆர்15 டயர் புதிதாக இருக்கும்போது விட்டம் சுமார் 621 மி.மீ., 6 மி.மீ. தேய்ந்தால் 609. சின்ன சக்கரம் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும், மீட்டர் அதிகக் கிலோமீட்டர் காட்டும். அப்படிப் பழைய டயரில் லிட்டருக்கு 20 என்று காட்டிய வண்டி, எதுவுமே மாறாமல் புது டயரில் 19.6 காட்டும். அந்தக் குறைவு மீட்டரில் மட்டும்தான்.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இந்த வரி முழுசாக இருக்கும், மாட்டும் முன்பே திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

நாலும் மாற்றினால் நல்லது. இரண்டுதான் என்றால் புதுசைப் பின்னால் போடச் சொல்லுங்கள், முன்சக்கரம் இழுக்கும் கார் என்றாலும் அப்படித்தான். முன்னால் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்ஸிலேட்டரை விட்டு ஓரளவு சமாளிக்கலாம். பின்னால் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், பழகாதவர்களால் பிடிக்கவே முடியாது. கடைக்காரர் முன்னால் போடுவதுதான் வழக்கம் என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரப்பர் வால்வையும் சேர்த்து மாற்றி, பேலன்சிங் பார்த்து, பழைய டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், புது டயரின் மேல்பூச்சு தேய்ந்த பிறகுதான் பிடிப்பு முழுசாக வரும். அப்புறம் காற்று. டயரின் பக்கவாட்டில் போட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, நீங்கள் அடிக்க வேண்டியது டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு, அதுவும் வண்டி ஓடிச் சூடாகாமல் இருக்கும்போது. நாலு டயரிலும் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் போகும், ஐந்து குறைந்தால் 1 சதவீதம். நல்ல டயருக்குக் கொடுத்த பணத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.