இண்டெக்ஸ் போட்டும் குவெரி நகரவில்லையா? நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

தை பிறந்து பத்து நாள் இருக்கும். மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருள் அது. சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கிறது, எடைமேடைக்கு வெளியே டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நிற்கின்றன, கணக்குப்பிள்ளை விவசாயியின் பெயரைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆலைக்காரர் போனில், "தம்பி, மேகம் கட்டிக்கிட்டு நிக்கிது, நெல்லு வண்டியிலயே கெடக்கு, ஒங்க கம்ப்யூட்டரு எப்ப முழிக்கும்?" என்றார். எனக்குப் பதற்றம். எந்தக் குவெரி (டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்வி), எங்கே நேரம் போகிறது என்று எதையும் பார்க்காமல், சிப்பம் (நெல் மூட்டை) டேபிளில் கண்ணில் பட்ட ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு இண்டெக்ஸ், அதாவது வேண்டிய வரியைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும் அட்டவணை, போட்டேன். மொத்தம் 11. அதுவும் பட்டப்பகலில். தேடல் துளிகூட வேகமாகவில்லை. இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை புது எடை ஒன்றுகூடப் பதிவாகவில்லை, முடிந்த பிறகும் பதிவு முன்பைவிட இழுத்தது.

ஒவ்வொரு சிப்பத்தின் எடையும் ஒரு வரி என்பதால் அந்த டேபிளில் அப்போது ஏறக்குறைய 20 லட்சம் வரிகள் இருந்தன. கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும், ஆனால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்களுக்கு இதெல்லாம் ஒரு சுமையே இல்லை. சரியான இண்டெக்ஸ் இருந்தால் கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிடும். வராததற்குக் காரணம் சர்வர் இல்லை, நான்தான்.

இண்டெக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். கல்லணைக்கு வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்றில் போனது நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் (தலைப்பு என்றால் ஆறு பிரியும் இடம்) பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மறுபடி பிரிகிறது. அங்கிருந்து வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை, கடைசியில் உங்கள் வயல். ஒவ்வொரு தலைப்பிலும் சரியாகத் திரும்பினால் நாலைந்து திருப்பத்தில் வயலுக்கு வந்துவிடலாம், டெல்டா முழுக்க நடக்க வேண்டியதில்லை. பி-ட்ரீ என்ற வழக்கமான வகை இண்டெக்ஸும் இதேதான்: 20 லட்சம் வரியில் ஒன்றைப் பிடிக்க மூன்று நான்கு திருப்பம் போதும். ஆனால் ஒன்று, மேலே இருக்கும் தலைப்பில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாவிட்டால் கீழே எத்தனை மடை இருந்தும் பயனில்லை. இண்டெக்ஸில் நாம் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஒரு விஷயத்தை மறந்துவிடுவதால் வருவதுதான்.

முதல் தவறு, நான் செய்ததுதான், பார்க்காமல் போடுவது. குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளைன் அனலைஸ் என்று சேர்த்து ஓட்டியிருந்தால், அது எந்த வழியில் ஓடுகிறது, எங்கே நேரம் போகிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது சீக் ஸ்கேன் என்று வந்தது, அதாவது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நடந்திருக்கிறது. அதற்குக் கீழேயே 'ரோஸ் ரிமூவ்டு பை ஃபில்டர்' என்று 20 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஓர் எண். எடுத்துப் பார்த்துத் தூக்கிப்போட்ட வரிகள் அவ்வளவு, கையில் மிஞ்சியது 60 சொச்சம். இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால் வேறு ஆதாரமே வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் 8.0.18 முதல் இதே கட்டளை இருக்கிறது. சாதாரண எக்ஸ்பிளைனில் டைப் என்ற இடத்தில் 'ஆல்' என்று வந்தாலும் முழு டேபிளையும் நடக்கிறது என்றே அர்த்தம். ஒரு எச்சரிக்கை: எக்ஸ்பிளைன் அனலைஸ் குவெரியை நிஜமாகவே ஓட்டும். டெலீட், அப்டேட் கட்டளைகளுக்கு முன்னால் அதைப் போட்டால் அழிப்பதும் மாற்றுவதும் நடந்துவிடும், அதனால் பிகின் போட்டு ஆரம்பித்து, செய்ததைத் திரும்பப் பெறும் ரோல்பேக்கில் முடியுங்கள்.

எந்தக் குவெரியைப் பார்ப்பது என்பதிலும் ஏமாறுவோம். 30 விநாடி எடுக்கும் ரிப்போர்ட் கண்ணை உறுத்தும், ஆனால் நாளைக்கு ஒரு தடவைதான் ஓடும். 5 மில்லிசெகண்ட் எடுக்கும் குட்டிக் குவெரி ஒன்று லட்சம் தடவை ஓடிச் சர்வரைத் தின்றுகொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு குவெரியும் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைக்கும் பிஜி-ஸ்டாட்-ஸ்டேட்மென்ட்ஸை இயக்கி, மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். மெதுவான குவெரிகளைக் குறித்து வைக்கும் மைஎஸ்க்யூஎல் ஸ்லோ குவெரி லாக் இயல்பில் அணைந்தே இருக்கும், இயக்கினாலும் 10 விநாடிக்கு மேல் போனால்தான் எழுதும். எடைமேடையில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு 9 விநாடி காத்திருப்பவருக்கு அந்த லாக்கால் ஒரு உபயோகமும் இல்லை, ஒரு விநாடிக்குக் குறைத்து வையுங்கள்.

சரி, 11 இண்டெக்ஸ் இருந்தும் சீக் ஸ்கேன் ஏன்? பெயரில் இண்டெக்ஸ் இருந்தது. ஆனால் நான் எழுதியிருந்தது லைக் என்ற தேடல் கட்டளையில் முன்னாலும் பின்னாலும் சதவீதக் குறி (இங்கே எந்த எழுத்தும் வரலாம் என்று பொருள்) போட்ட தேடல். பெயரின் நடுவில் எங்கே இருந்தாலும் பிடி என்றால் எந்தத் தலைப்பில் திரும்புவது? முன்னால் இருக்கும் குறியை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்து எடுத்தேன், அப்போதுதான் நம் ஊர்ச் சிக்கல் வந்தது. பதிவில் பாதிப் பேர் 'கோ. முருகையன்', 'சு. முருகையன்' என்று இனிஷியலோடு ஆரம்பிக்கிறார்கள், கணக்குப்பிள்ளையோ 'முரு' என்று தட்டுகிறார். வெளிநாட்டுப் பாடங்களில் இதெல்லாம் வராது. இனிஷியலைத் தனி ஃபீல்டாகப் பிரித்தேன். அப்படியும் போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸைத் தொடவில்லை, ஏனென்றால் டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) 'சி'யாக இல்லாதபோது சாதாரண பி-ட்ரீ இந்த வகை லைக்குக்கு உதவாது, டெக்ஸ்ட்-பேட்டர்ன்-ஆப்ஸ் என்ற குறிப்பைச் சேர்த்து இண்டெக்ஸைக் கட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி போனது. நடுவில் தேடியே ஆக வேண்டும் என்றால், பெயரை மூன்று மூன்று எழுத்தாக நறுக்கி வைக்கும் ட்ரைகிராம் இண்டெக்ஸ் இருக்கிறது, அது வேறு கதை, அளவிலும் பெரிதாகும்.

உண்மையைச் சொன்னால் இதில் பெரிய வேகம் வந்தது இண்டெக்ஸால் இல்லை. கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் அரைநாள் உட்கார்ந்து பார்த்தேன். அவர் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்பது "எந்த ஊரு?" என்பதைத்தான். அதனால் திரையிலும் ஊரை முதலில் வைத்து, அதற்கப்புறம் பெயரை வைத்தேன். இண்டெக்ஸையும் அதே வரிசையில் கட்டினேன்.

அந்த வரிசையில்தான் அடுத்த தவறு வரும். ஊர், தேதி இரண்டிலும் தனித்தனி இண்டெக்ஸ் இருந்தால் இரண்டையும் கேட்கும் குவெரி தானாகப் பறக்கும் என்று நினைப்போம். சில சமயம் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும், ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கட்டிய ஒரே இண்டெக்ஸின் வேகம் வராது. ஒன்றாகக் கட்டும்போது எது முதலில்? வடுவூர்க்காரர்கள் தை 1 முதல் தை 15 வரை கொண்டு வந்த நெல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (தேதி, ஊர்) என்று கட்டினால் அந்த 15 நாளில் எல்லா ஊரும் போட்ட நெல்லையும் புரட்டி வடுவூரைப் பொறுக்க வேண்டும். (ஊர், தேதி) என்று கட்டினால் வடுவூருக்குள் திரும்பியவுடன் 15 நாளும் வரிசையாக அடுக்கி வைத்தது போல இருக்கும், தேதிவாரியாகக் காட்டு என்று கேட்டாலும் தனியாக அடுக்கும் வேலை மிச்சம். சமம் என்று கேட்கும் ஃபீல்டு முன்னால், இருந்து-வரை என்று கேட்கும் ஃபீல்டு பின்னால். (ஊர், தேதி) இருக்கிறது என்பதற்காகத் தேதியை மட்டும் கேட்டால் அது ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். போஸ்ட்கிரெஸ் 18-ல், முதல் ஃபீல்டைக் கேட்காவிட்டாலும் அதன் ஒவ்வொரு மதிப்பாகத் தாவித் தேடும் ஸ்கிப் ஸ்கேன் வந்திருக்கிறது, முதல் ஃபீல்டில் சில மதிப்புகளே இருந்தால் அது கைகொடுக்கும், நூற்றுக்கணக்கான ஊர் இருக்கும் இடத்தில் அதை நம்பாதீர்கள்.

தேதியிலேயே இன்னொரு குழி. எடை நேரம் என்ற ஃபீல்டில் மணி, நிமிடம் எல்லாம் இருக்கும், இன்றைய எடைகள் மட்டும் வேண்டும் என்று அதை டேட் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு இன்றைய தேதிக்குச் சமமா என்று கேட்போம். போச்சு. இண்டெக்ஸில் இருப்பது எடை நேரம், நாம் கேட்பது அதை ஒரு ஃபங்ஷன் மென்று துப்பியது. இன்று காலை 0 மணிக்குச் சமமாகவோ பிறகோ, நாளை 0 மணிக்கு முன்னால் என்று ஃபீல்டைத் தொடாமல் கேளுங்கள். இரவு 11:59:59 வரை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், கடைசி விநாடியின் பின்னத்தில் பதிவான சிப்பம் கணக்கில் வராமல் போகும்.

மைஎஸ்க்யூஎல்லில் செல்போன் எண்ணை எழுத்து ஃபீல்டாக வைத்துவிட்டு மேற்கோள் குறி இல்லாமல் எண்ணாகத் தேடினாலும் இண்டெக்ஸ் பயன்படாது. போஸ்ட்கிரெஸ் இந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும், அது எவ்வளவோ மேல். அதே போஸ்ட்கிரெஸ், வேறொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபாரின் கீ ஃபீல்டுக்குத் தானாக இண்டெக்ஸ் போடாது, மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி போடும். ஒரு விவசாயியின் இரட்டைப் பதிவை அழிக்க ஏன் இவ்வளவு நேரம் என்று நான் முழித்ததற்கு இதுதான் காரணம்: அவரைச் சுட்டும் வரி இருக்கிறதா என்று டேபிளை முழுக்க நடந்து பார்க்கிறது.

பருவம் என்ற ஃபீல்டுக்கும் இண்டெக்ஸ் போட்டிருந்தேன். குறுவை, சம்பா, தாளடி, இவ்வளவுதான் அதில் வரும். சம்பா என்று கேட்டால் டேபிளில் பாதி வந்து விழும், பாதி டேபிளை எடுக்க இண்டெக்ஸ் வழியாகப் போவதைவிட நேராக நடந்துவிடுவதே லாபம், போஸ்ட்கிரெஸும் அதைத்தான் செய்தது. ஆனால் பணம் பட்டுவாடா ஆனதா என்ற ஆம்-இல்லை ஃபீல்டு வேறு மாதிரி: பழைய வரிகள் எல்லாம் 'ஆம்', 'இல்லை' என்று இருப்பது சில நூறுதான், தினமும் கேட்பதும் அந்தச் சில நூறைத்தான். பட்டுவாடா ஆகாதவற்றுக்கு மட்டும் ஒரு பார்ஷியல் இண்டெக்ஸ் போட்டேன். அளவில் ஒன்றுமே இல்லை, காலையில் ஆலைக்காரர் முதலில் திறக்கும் பக்கம் உடனே வருகிறது. மைஎஸ்க்யூஎல்லில் இந்த வசதி கிடையாது.

நம் லேப்டாப்பில் 200 வரி வைத்துக்கொண்டு இதையெல்லாம் சோதிப்பது வீண். அவ்வளவு சின்ன டேபிளில் சீக் ஸ்கேன்தான் சரி, இண்டெக்ஸ் வேலை செய்யவில்லை என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். வரிசையாக எண்களை உருவாக்கித் தரும் ஜெனரேட்-சீரிஸ் ஃபங்ஷனை வைத்து 20 லட்சம் பொய் வரி உருவாக்க ஓரிரு நிமிடம் போதும். பழைய கணக்கை மொத்தமாக ஏற்றினால் உடனே டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையையும் கையால் ஓட்டிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் தானாகப் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்க இயல்பான அமைப்பில் டேபிளில் 10 சதவீதமாவது மாறியிருக்க வேண்டும், 20 லட்சத்தில் அது 2 லட்சம் வரி. அதுவரை பழைய கணக்கை நம்பித்தான் வழி போடும். எதிர்பார்த்த வரி 1, நிஜத்தில் வந்தது 40,000 என்று எக்ஸ்பிளைன் அனலைஸில் பார்த்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

பட்டப்பகலில் இண்டெக்ஸ் போட்ட விஷயத்துக்கு வருகிறேன். போஸ்ட்கிரெஸில் கிரியேட் இண்டெக்ஸ் ஓடி முடியும்வரை அந்த டேபிளைப் படிக்கலாம், எழுத முடியாது. எடைமேடை நின்றது அதனால்தான். கன்கரன்ட்லி என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் நேரம் கூடுதலாக எடுத்திருக்கும், வேலை நின்றிருக்காது. அதை டிரான்சாக்ஷனுக்குள் (பிகின் போட்டு ஆரம்பிக்கும் கட்டளைத் தொகுப்பு) ஓட்ட முடியாது, நடுவில் தோற்றால் 'இன்வாலிட்' என்ற முத்திரையோடு ஒரு செத்த இண்டெக்ஸ் அங்கேயே கிடக்கும், அதை அழித்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.

அப்புறம் அந்த 11-ஐக் குறைக்கும் வேலை. ஒரு சிப்பம் பதிவானால் டேபிளில் ஒரு தடவை, ஒவ்வொரு இண்டெக்ஸிலும் ஒரு தடவை எழுத வேண்டும், ஆக 12 இடம். இண்டெக்ஸ்களின் உபயோகத்தைக் காட்டும் பிஜி-ஸ்டாட்-யூசர்-இண்டெக்சஸில், எத்தனை தடவை பயன்பட்டது என்று சொல்லும் ஐடிஎக்ஸ்-ஸ்கேன் பூஜ்யமாக இருந்தால் யாரும் தொடாத இண்டெக்ஸ் என்று அர்த்தம், தூக்கிவிடலாம் என்பார்கள். நான் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு மாசிக் கடைசியில் பார்த்தேன், 7 இண்டெக்ஸ் பூஜ்யம். ஆறைத் தூக்கினேன். ஏழாவது விவசாயி ஃபீல்டில் கட்டியது, என்னவோ கை வரவில்லை, விட்டுவைத்தேன். மார்ச் 31 கணக்கு முடிக்கும் அன்று, விவசாயிவாரியாக வருடக் கணக்கு எடுக்கும்போது, அந்த ஒரே நாளில் 3,000 தடவைக்கு மேல் அது ஓடியிருந்தது.