ட்ராக் சா: பலகை கிடக்கட்டும், ரம்பத்தை அதன்மேல் ஓட்டுவோம்

18 மி.மீ. கனமுள்ள ஒரு முழு பிளைவுட் பலகையைத் தனி ஆளாக டேபிள் சாவின் (பிளேடு மேசையில் நிலையாக இருக்கும் ரம்பம்) மேல் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு ட்ராக் சாவின் அருமையை விளக்கத் தேவையில்லை. 2440 × 1220 மி.மீ. அளவுள்ள அந்தப் பலகை, எந்த மரம் என்பதைப் பொறுத்து, 35 கிலோ சுமாருக்கு இருக்கும். கனத்தையாவது சமாளித்துவிடலாம், நீளம்தான் படுத்தும் பாடு. ஒரு முனை கொஞ்சம் தொங்கினாலும் வெட்டு கோணலாகும், இல்லாவிட்டால் பலகை பிளேடை நெரிக்கும்.

ட்ராக் சா இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. பலகை தரையிலேயே கிடக்கும். அதன்மேல் ஒரு அலுமினியத் தண்டவாளத்தை வைத்து, நாலைந்து கிலோ எடையுள்ள ரம்பத்தை அதில் ஓட்டுகிறோம். மாடிப்படி ஏறி, குறுகலான அறைக்குள் போய், ஏற்கெனவே பொருத்திய அலமாரிகளுக்கு நடுவில் வேலை செய்கிறவருக்கு, டேபிள் சா தருவதற்குக் கிட்டத்தட்ட சமமான நேர்வெட்டு கையில் தூக்கிப் போகிற பெட்டிக்குள் கிடைத்துவிடுகிறது. சிறிய, பேட்டரியில் ஓடும் மாடல்களுக்கு மவுசு கூடியதன் காரணம் இவ்வளவுதான்.

கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண சர்குலர் சாவிலிருந்து (வட்ட பிளேடுள்ள கைரம்பம்) இது மூன்று விதத்தில் வேறுபடும். முதலாவது ட்ராக். ரம்பத்தின் அடித்தகட்டில் உள்ள பள்ளம் ட்ராக்கின் மேட்டில் உட்கார்ந்துகொள்ளும், எனவே ரம்பம் பக்கவாட்டில் நகராது. இரண்டாவது, பிளேடு சும்மா இருக்கும்போது முழுக்க மூடிக்குள் மறைந்திருக்கும். நீங்கள் அழுத்தினால் கீழே இறங்கும், கையை விட்டால் ஸ்பிரிங் மேலே இழுத்துக்கொள்ளும். மூன்றாவது, ட்ராக்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டை. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். கருவியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஏன் என்றால், இந்த வகை ரம்பத்தில் பிளேடின் பற்கள் பலகையைக் கீழிருந்து மேலாக அறுக்கின்றன. ஆகவே அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும், பற்கள் வெளியேறுகிற மேல்பக்கத்தில்தான் சிராய் பெயரும். அந்த இடத்தை ரப்பர் பட்டை மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்வதால் பிசிறு எழ வழியில்லை. ட்ராக்கின் கீழே இருக்கும் துண்டு இரண்டு பக்கமும் சுத்தமாக வரும். வெளியே இருக்கும் துண்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதை மனதில் வையுங்கள், அடுத்து வரும் பாதி விஷயங்கள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

வாங்கும் முன் ஒரே ஒரு யோசனை: ரம்பத்தைப் பார்க்கும் முன் ட்ராக்கைப் பாருங்கள். மகிட்டா ரம்பம் ஃபெஸ்டூல் ட்ராக்கில் ஓடும். பாஷும் மஃபெல்லும் ஒரே வகை ட்ராக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. டிவால்ட்டின் ட்ராக் தனி வடிவம். முதலில் எந்தக் குடும்பத்தில் சேர்கிறீர்களோ, பின்னால் வாங்கும் நீள ட்ராக், கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி), இணைப்புக் கம்பி எல்லாம் அதே குடும்பத்துக்குள்தான்.

பிளேடு அளவைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். 160, 165 மி.மீ. பிளேடு உள்ளவை நேராக ஏறத்தாழ 55 மி.மீ. ஆழமும், 45 டிகிரி சாய்வில் 40 மி.மீ. அளவும் வெட்டும். அதைவிடச் சிறிய 140 மி.மீ. பிளேடு வகைகள் ஆழம் குறைந்தவை, ஆனால் பிளைவுட், எம்.டி.எஃப். (மர இழையை அழுத்திச் செய்த பலகை), லேமினேட் ஒட்டிய பலகை, கதவு எல்லாவற்றுக்கும் போதும். கனமான நிலைச்சட்டம் அறுப்பது இதன் வேலையே இல்லை.

படி 1: ரப்பர் பட்டையைச் சீவுதல்

புது ட்ராக்கில் பட்டை சில மி.மீ. கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கழிவுப் பலகையின் மேல் ட்ராக்கை வைத்து இருமுனையும் கிளாம்ப் போடுங்கள். முதலில் ரம்பத்தை அணைத்த நிலையில் ட்ராக்கில் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால், அடித்தகட்டில் உள்ள இரண்டு சிறு திருகுகளால் ஆட்டத்தை எடுங்கள். வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஆனால் அசையக் கூடாது. இதை முடிக்காமல் பட்டையைச் சீவினால் பட்டை தவறான இடத்தில் வெட்டுப்படும், புதுப் பட்டை ஒட்ட வேண்டியதுதான்.

ஆட்டம் போனதும், ட்ராக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். பட்டை பிளேடின் ஓரத்துக்கு மிகச் சரியாகச் சீவப்படும். இனிமேல் பட்டையின் விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெட்டு விழும். பிளேடை மாற்றும்போது மட்டும் கவனம்: கனம் வேறான பிளேடு போட்டால் அந்த விளிம்பு மாறிவிடும்.

படி 2: அடியில் தாங்கல்

நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லோரும் முதலில் கைவைக்கிற இடம் இது. அங்கேதான் கோளாறும் தொடங்குகிறது. இரண்டு முக்காலிக்கு நடுவில் பலகையை வைத்து நடுவே வெட்டினால், வெட்டு முடியும் தறுவாயில் இரண்டு துண்டும் உள்நோக்கிச் சாய்ந்து பிளேடைக் கவ்வும். கவ்விய பிளேடு ரம்பத்தை உங்களை நோக்கித் தள்ளும்.

நல்ல வழி, தரையில் கெட்டியான தெர்மாகோல் பலகை ஒன்றை விரித்து அதன்மேல் பிளைவுட்டை வைப்பது. பிளேடு தெர்மாகோலில் ஓரிரு மி.மீ. கோடு போடும், அவ்வளவுதான். முழுப் பலகைக்கும் தாங்கல் கிடைக்கும், வெட்டிய துண்டு எங்கும் விழாது. தெர்மாகோல் இல்லையென்றால் ஒரே உயரமுள்ள நான்கு மரச்சட்டங்கள் போதும், வெட்டுக்கோட்டின் இருபக்கமும் இரண்டிரண்டாக. முட்டி வலிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முட்டிக்கு ஒரு பஞ்சுப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: ஆழம்

எளிய கூட்டல்: பலகை 18, ட்ராக் ஏறத்தாழ 5, கீழே பற்கள் வெளியே தெரிய 3 முதல் 5. மொத்தம் 26 முதல் 28 மி.மீ. சில ரம்பங்களின் அளவுகோலில் ட்ராக்கின் கனம் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் இருக்காது. சந்தேகமிருந்தால் கழிவுத் துண்டில் ஒருமுறை வெட்டிப் பார்ப்பதே தீர்ப்பு. முழு ஆழத்துக்கும் இறக்கி வைப்பது சோம்பேறித்தனம். மோட்டார் திணறும், பிளேடு சூடேறும், அடியில் உள்ளதும் வெட்டுப்படும்.

படி 4: அளந்து, ட்ராக்கை வைத்தல்

பலகையின் குறுக்கே நீளமாகக் கோடு இழுக்க வேண்டாம். இரு முனைகளிலும் கூரான பென்சிலால் ஒவ்வொரு குறி போதும். உங்களுக்கு வேண்டிய துண்டு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்தின் மேல் ட்ராக் இருக்க வேண்டும். ரப்பர் விளிம்பு குறியைத் தொட வேண்டும். பிளேடு தின்னும் கனம் முழுவதும் கழிவுப் பக்கத்துக்குப் போகும்.

நான் முதன்முதலில் ஒரு கதவை வெட்டியபோது ட்ராக்கைக் கழிவுப் பக்கத்தில் வைத்துவிட்டேன். கதவு இரண்டு மி.மீ. குட்டையாகிப் போனது. இரண்டு மி.மீ. யாருக்குத் தெரியப் போகிறது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. தெரியாதிருந்தாலும், அந்தக் கதவின் வெளியே தெரிந்த ஓரம் முழுவதும் பிசிறாக இருந்ததை மறைக்க வழியில்லை.

பல பட்டைகளாகப் பிரிக்கும்போது பிளேடின் கனத்தைக் கணக்கில் எடுங்கள். 1220-ஐ நான்காகப் பங்கிட்டால் தலா 305 என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் பிளேடு 2.2 மி.மீ. தின்றால், மூன்று வெட்டுக்கு 6.6 மி.மீ. தூளாகிப் போகும். நான்காவது பட்டை 298.4-தான் வரும். நான்கும் சமமாக வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 303 என்று வைத்துக்கொண்டு வெட்டுங்கள், மிச்சம் கழியட்டும்.

மூலை சரியா என்று பார்க்கச் சின்ன மூலைமட்டத்தை நம்பாதீர்கள், 1220 மி.மீ. தூரத்தில் அதன் சிறு பிழையும் பெரிதாகும். குறுக்கு மூலைகளை அளந்து பாருங்கள். 2440 × 1220 பலகையில் இரண்டு மூலைவிட்டமும் 2728 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டும் சமமில்லையென்றால் பலகையே கோணல் என்று அர்த்தம். தொழிற்சாலையிலிருந்து வந்த விளிம்பு நேராகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை என்னைப் பலமுறை கவிழ்த்திருக்கிறது.

ட்ராக்கின் நீளம் வெட்டின் நீளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். 1220 குறுக்கு வெட்டுக்கு 1400 மி.மீ. ட்ராக் சரியான அளவு: முன்னும் பின்னும் 90 மி.மீ. கிடைக்கும், பிளேடு பலகைக்கு வெளியே இறங்கி வெளியே ஏறலாம். நீளவாக்கில் வெட்ட இரண்டு 1400-ஐ இணைத்துக்கொள்ளலாம். இணைக்கும்போது மட்டும், நேர் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த நீண்ட ரசமட்டத்தை இரண்டு ட்ராக்கின் பக்கத்திலும் சேர்த்து அழுத்திப் பிடித்துத் திருகுகளை இறுக்குங்கள். கண்ணால் பார்த்து இறுக்கினால் நடுவில் ஒரு சிறு முழங்கை விழும்.

ட்ராக்கின் அடியில் உள்ள பட்டை பலகையைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனாலும் தொடக்கக்காரர்கள் கிளாம்ப் போடுங்கள். பலகையின்மேல் மரத்தூள் படிந்திருந்தால் அந்தப் பிடிப்பு காணாமல் போகும், எனவே வைக்கும் முன் துடைத்துவிடுங்கள்.

படி 5: வெட்டு

கண்ணாடி, காது மூடி, முகக்கவசம். மூன்றாவதைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தருவதென உறுதிப்பட்ட பொருள்களின் பிரிவில் வைத்திருக்கிறது. ட்ராக் சாவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பிளேடு முழுக்க மூடிக்குள் இருப்பதால் வாக்குவம் குழாயை மாட்டினால் பெரும்பாலான தூள் உள்ளே போய்விடும். ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் வேலை செய்கிறவருக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் அந்தக் குழாயே ஒரு வம்பு. வெட்டின் நடுவில் அது ட்ராக்கின் பின்முனையில் மாட்டிக்கொள்ளும், ரம்பம் நின்றுவிடும், வெட்டில் ஒரு கருகல் தடம் விழும். ரம்பத்தை இயக்காமல் ஒருமுறை முழு நீளமும் தள்ளிப் பார்த்து, குழாயும் மின்கம்பியும் தாராளமாக வருகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். பேட்டரி ரம்பத்தில் கம்பித் தொல்லை இல்லை, குழாய்த் தொல்லை மட்டும் மிச்சம்.

பிளேடு பலகைக்கு வெளியே இருக்கும்படி நிறுத்தி, பொத்தானை அழுத்தி, முழு வேகம் வந்ததும் பிளேடை இறக்குங்கள். பிறகு ஒரே சீராக முன்னால் தள்ளுங்கள். வேகத்தைக் கையில் தேட வேண்டாம், காதில் கேளுங்கள். மோட்டார் சத்தம் தாழ்ந்தால் அவசரப்படுகிறீர்கள். கருகிய வாடை வந்தால் மெதுவாகப் போகிறீர்கள், அல்லது பிளேடு மழுங்கியிருக்கிறது. எக்காரணத்தாலும் பிளேடு சுழலும்போது ரம்பத்தைப் பின்னால் இழுக்காதீர்கள். நிற்க வேண்டியிருந்தால் பொத்தானை விட்டு, பிளேடு நின்ற பிறகு மேலே எடுங்கள்.

லேமினேட் பலகையில் கழிவுப் பக்கத்தையும் பயன்படுத்தப் போகிறீர்களா? முதலில் 2, 3 மி.மீ. ஆழத்தில் ஒரு கீறல் ஓட்டம், பிறகு முழு ஆழத்தில் இரண்டாவது ஓட்டம். பற்கள் அதிகமுள்ள பிளேடு, 48 போல, இங்கே கைகொடுக்கும். நெடுக்காகத் திட மரம் அறுக்க அதே பிளேடைப் போட்டால் கருகும். அதற்குப் பற்கள் குறைந்தது வேண்டும்.

பலகையின் நடுவில் இறக்குதல்

சமையல் மேடைப் பலகையில் சிங்க்குக்காகத் திறப்பு வெட்டுவது போன்ற வேலைகளில்தான் இந்தக் கருவி தன் திறமையைக் காட்டும், ஆபத்தும் அங்கேதான் அதிகம். பிளேடு பலகைக்குள் இறங்கும்போது அதன் பின்பற்கள் மாட்டினால் ரம்பம் பின்னால் பாயும். எனவே ரம்பத்துக்குப் பின்னால் ட்ராக்கில் ஒரு தடுப்பைக் கிளாம்ப் போட்டு நிறுத்திவிட்டு, மெதுவாக இறக்குங்கள். உங்கள் உடம்பு ரம்பத்துக்கு நேர் பின்னால் இருக்க வேண்டாம், ஒரு பக்கமாக நில்லுங்கள்.

வட்டமான பிளேடு மூலை வரை வெட்டாது. மேலே குறி வரை வந்திருந்தாலும் கீழே கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை ஜிக்சாவால் (மேலும் கீழும் அசையும் மெல்லிய பிளேடுள்ள ரம்பம்) முடியுங்கள். குறியைத் தாண்டி ஓட்டி மூலையை முடிக்கப் பார்த்தால், மேல்பக்கத்தில் தெரியும் அந்தக் கீறலைக் காலத்துக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான்காவது பக்கத்தை வெட்டும் முன், விழப்போகும் துண்டை அடியில் தாங்கிவிடுங்கள்.

வேலை முடிந்ததும்

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பிளேடைப் பாருங்கள். பற்களில் பிசின் ஒட்டியிருந்தால் துடையுங்கள், பாதி "மழுங்கிய" பிளேடுகள் வெறும் அழுக்குப் பிளேடுகள்தான். ட்ராக்கைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். யாராவது காலால் தட்டிவிட்டு அது ஒருமுறை விழுந்து வளைந்தால், அதற்குப் பிறகு அதில் எடுக்கிற ஒவ்வொரு வெட்டும் அதே வளைவோடு வரும். தட்டையாகக் கிடத்துங்கள், இல்லையென்றால் அதன் துளையில் ஆணி கொடுத்துத் தொங்கவிடுங்கள்.