கடை, மைதானம், வீடு: மறைந்த ஒருவருக்கு நினைவு மலர் தொகுக்கும் முறை

வணிகராகவும் விளையாட்டுப் பிரியராகவும் குடும்பத் தலைவராகவும் வாழ்ந்து மறைந்தவருக்கு நினைவு மலர் கொண்டுவர விரும்பும் குடும்பத்தினர், பதினாறாம் நாள் காரியத்துக்குள்ளேயே அதை அச்சிட்டுவிடத் துடிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த அவசரம் வேண்டாம். காரியத்தன்று கொடுக்க ஒரு படமும் தேதிகளும் கொண்ட ஒற்றைத் தாள் போதும். மலரை முதலாண்டுத் திதிக்கு வெளியிடலாம். ஆனால் அவருடைய வயதொத்தவர்களைச் சந்தித்துப் பேசுவதை மட்டும் ஒத்திப்போடக் கூடாது. முதல் இரண்டு மாதங்களுக்குள் அவர்களிடம் கேட்டு, குரலைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பேசப் போகுமுன் காகிதங்களைத் திரட்டிவிடுவது நல்லது. கடையின் பழைய பேரேடு, கூட்டு வணிக ஒப்பந்தப் பத்திரம், திறப்பு விழா அழைப்பிதழ், திருமணப் பத்திரிகை, ஸ்கோர் புத்தகம் ஆகியவற்றோடு, பரணில் கிடக்கும் கோப்பைகளையும் துடைத்துப் பார்க்க வேண்டும்; யாருக்கும் நினைவில்லாத ஆண்டும் போட்டியின் பெயரும் அவற்றின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆல்பத்தில் பசையிட்டு ஒட்டிய படங்களைப் பிய்க்காமல் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும். படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதலாம், பேனா கூடாது.

தேதிகளில் தனிக் கவனம் தேவை. பள்ளியில் சேர்ப்பதற்காகச் சொன்ன பிறந்த தேதி ஒன்றாகவும், ஜாதகத்தில் உள்ளது வேறாகவும் இருப்பது அந்தத் தலைமுறையில் மிகச் சாதாரணம். ஜாதகத்தில் ‘காளயுக்தி’ என்றிருந்தால் அது 1918 சித்திரையில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம், 1978 சித்திரையில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுற்றில் எது என்பதை வயதைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும். இரண்டு தேதிகள் கிடைத்தால் இரண்டையும் அச்சிட்டு, எது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுவதே நேர்மை.

இனி எழுத்து. ‘தொழிலதிபர்’, ‘விளையாட்டு ஆர்வலர்’, ‘பாசமிகு தந்தை’ என்று மூன்று தலைப்புகளிட்டு மூன்று பட்டியல்களை அடுக்குவதே பெரும்பாலான மலர்களின் குறை. பொதுவாழ்வில் அனைவரும் அறிந்த எம். ஏ. சிதம்பரத்தை எடுத்துக்கொள்வோம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகனாக 1918 அக்டோபர் 12 அன்று பிறந்தார், சென்னை மேயராக இருந்தார், 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தார், 1969-இல் ஸ்பிக் உர நிறுவனத்தை நிறுவினார், 2000 ஜனவரி 19 அன்று மறைந்தார் என்று எழுதினால் அனைத்தும் உண்மை. ஆனால் அது பதவிப் பட்டியல். மாறாக, தந்தை ஒரு காலத்தில் வகித்த கிரிக்கெட் வாரியத் தலைவர் பதவியில், அவர் மறைந்த நாளில், ஸ்பிக் நிறுவனத்திலும் தலைமைப் பொறுப்பு வகித்த அவருடைய மகன் ஏ. சி. முத்தையா இருந்தார் என்று எழுதிப் பாருங்கள். ஆலையும் மைதானமும் வீடும் ஒரே வாக்கியத்தில் கூடிவிடுகின்றன. இத்தகைய முடிச்சு எந்த வாழ்விலும் ஒன்றேனும் இருக்கும். அதைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குவதே தொகுப்பவரின் முதல் வேலை. சிதம்பரத்தின் பெயரைத் தாங்கிய சென்னை மைதானத்தை ஊர் இன்றும் ‘சேப்பாக்கம்’ என்றே அழைக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளலாம்: சுவரில் பெயர் இருப்பதால் மட்டும் ஆள் யாரென்று தெரிந்துவிடாது.

‘விளையாட்டுப் பிரியர்’ என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆடியவரா, பார்த்தவரா, ஆடுபவர்களுக்குச் செலவழித்தவரா, சங்கத்தை நடத்தியவரா? புச்சி பாபு நாயுடுவைக் ‘கிரிக்கெட் விரும்பி’ என்று மட்டும் சொன்னால் எதுவும் விளங்காது. சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் பெவிலியனில் அமர, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உணவருந்த வேண்டியிருந்த காலத்தில், 1888-இல் இந்தியர்களுக்கென மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்று சொன்னால்தான் அந்த ஆர்வத்தின் அடர்த்தி புலப்படும். உங்கள் தந்தைக்கும் அப்படி ஒரு செயல் இருக்கும். தெருப்பிள்ளைகளுக்கு வலைப்பந்து வாங்கிக் கொடுத்ததாகவோ, ஆட்டத்தன்று கடையை அரைநாள் அடைத்ததாகவோ அது சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. இதைக் குடும்பத்தாரைவிட மைதானத்தைப் பராமரித்தவரும், எதிரணியில் ஆடியவரும் நன்றாகச் சொல்வார்கள். தோற்ற ஆட்டத்துக்குப் பின் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று எதிரணிக்காரரிடம் கேட்பது என் வழக்கம்.

வீட்டைப் பற்றிய பகுதியே கடினம். ‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமானவர்’ என்ற பதிலே வரும். இரவு எத்தனை மணிக்கு வந்தார், வந்ததும் யாரை முதலில் கேட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனபோது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். ஞாயிறுதோறும் கணவரை மைதானத்துக்கு விட்டுக்கொடுத்தவரும், கடையின் தொடக்க மூலதனத்துக்கு நகையை அடகு வைக்கக் கொடுத்தவரும் மனைவிதான் என்றால், அவருடைய பெயரும் அந்தச் செய்தியும், அவர் சம்மதித்தால், முதல் சில பக்கங்களுக்குள்ளேயே வர வேண்டும். ‘அன்னாருக்கு உறுதுணையாக இருந்தார்’ என்ற வரியால் அதைக் கடந்துவிடக் கூடாது.

தொழிலில் விழுந்த காலத்தை மறைக்கத் தேவையில்லை. எந்த ஆண்டு நொடித்தது, கடனை எப்படித் தீர்த்தார் என்று இரண்டு வாக்கியங்களில் எழுதிவிடலாம், கணக்குப்பிள்ளை உயிரோடு இருந்தால் அவரே சரியாகச் சொல்லுவார். நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினையையும் வழக்கையும் மட்டும் விட்டுவிட வேண்டும். ‘பலருக்கு உதவினார்’ என்பதற்குப் பதிலாக எந்த உதவி, எந்த ஆண்டு என்று எழுதலாம். பெற்றவரின் பெயர் வேண்டாம், அவர் வீட்டிலும் இந்த மலரைப் படிப்பார்கள். ‘வள்ளல்’, ‘வேந்தர்’ போன்ற பட்டங்களையும் ‘ஈடு செய்ய இயலாத இழப்பு’ என்ற தொடரையும் நான் முதல் திருத்தத்திலேயே அடித்துவிடுவேன்.

அச்சுக்குப் போகுமுன் வீட்டில் மூத்தவர் முன்னிலையில் முழுவதையும் உரக்கப் படித்துக்காட்டினால், உறவுமுறைப் பிழைகளும் விடுபட்ட பெயர்களும் அங்கேயே பிடிபட்டுவிடும். வெளியீட்டன்று வாசலில் ஒரு கோடிட்ட நோட்டும் பேனாவும் வைத்து, பொறுப்பாக ஒருவரை உட்கார்த்துங்கள். மலரைப் புரட்டியதும் ‘இதை எழுதவில்லையே’ என்று யாரேனும் தொடங்குவார்கள். அவர்கள் கிளம்புமுன் அதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.