நாடகத்துக்கு முன்னும் பின்னும் கையைக் கடிக்காமல் சாப்பிட

அரங்க வாசலை ஒட்டிய உணவகங்களில் பெரும்பாலும் விலை கூடுதலாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று தெரு தள்ளி நடந்து பாருங்கள். அக்கம்பக்கத்து அலுவலகக்காரர்கள் தினமும் சாப்பிடும் கடைகள் கண்ணில் படும். சற்று நல்ல உணவகம்தான் வேண்டுமா? சீக்கிரமே போய்விடுங்கள். மாலை 5 முதல் 7 மணி வரை, நாடகம் பார்க்க வருபவர்களுக்கென்றே சில இடங்களில் இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்து ஒரே விலைக்குத் தருவார்கள். தனித்தனியாக ஆர்டர் செய்வதைவிட இது மலிவு. உட்கார்ந்ததுமே ‘ஏழரைக்கு நாடகம்’ என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். பில்லையும் சாப்பிடும்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. நாடகம் முடிந்துதான் சாப்பாடு என்றால், கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரியுங்கள். சில இடங்களில் கதவு 11 வரை திறந்திருக்கும், ஆனால் அடுப்பை 10 மணிக்கே அணைத்திருப்பார்கள்.