ஆற்று மீனுக்கு அரசுப் பணம் கேட்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒகேனக்கல் பக்கம் தூண்டில் மீன்பிடிப்பைச் சுற்றுலாவாக வளர்க்கலாம், அப்படியே ஆற்று மீனையும் காப்பாற்றலாம் என்று நினைப்பது நல்ல எண்ணம். அதற்கு அரசு நிதி கேட்பதும் நியாயம்தான். ஆனால் கேட்கும் விதத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மீன்குஞ்சு விட்டாலே பாதுகாப்பு என்று நம்புவது. காவிரியில் வாழும் திமில் மஹசீர் என்ற பெரிய ஆற்று மீனுக்கு நடந்ததைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத் துடுப்பு, தலைக்குப் பின்னால் எழும்பி நிற்கும் திமில், 50 கிலோவைத் தாண்டி வளரும் உடம்பு. காவிரிப் படுகையை விட்டால் உலகில் வேறெங்கும் இந்த மீன் கிடையாது. மஹசீர் குறைகிறதே என்ற அக்கறையில் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். அவை நீலத்துடுப்பு மஹசீர், வேறு இனம். அது பெருகப் பெருக, மண்ணின் மீன் ஒடுங்கிப்போனது. கர்நாடகப் பக்கம் கலிபோரே என்ற மீன்பிடி முகாமில் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பதிவேடுகளைப் புரட்டியபோதுதான் இது வெளியே தெரிந்தது. 2018இல் அதன் அறிவியல் பெயர் 'டோர் ரெமாதேவி' என்று உறுதியான அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகவும் உலகச் செம்பட்டியலில் ஏறியது. பெயர் வைப்பதற்குள் மீனே போய்விடும் நிலை என்றால் மனசு பதறாமல் இருக்குமா?

அதனால் விண்ணப்பத்தில் 'மீன்குஞ்சு இருப்பு செய்தல்' (ஆற்றில் குஞ்சு விடுதல்) என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த இனம், எந்த ஆற்றுத் தாய்மீனிலிருந்து எடுத்த குஞ்சு என்று எழுதுங்கள். கிருஷ்ணகிரியின் கேஆர்பி அணை தென்பெண்ணையில் இருக்கிறது, ஒகேனக்கல் காவிரியில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு படுகை. அங்குள்ள மீனை இங்கே விடக் கூடாது. கட்லா, ரோகு ஏரிக் குத்தகைக்குச் சரி, அதைப் பாதுகாப்புக் கணக்கில் எழுத முடியாது. ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஆற்றுப் பக்கமே போகக் கூடாது. சந்தேகம் என்றால் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, கேட்டுவிட்டே எழுதுங்கள்.

அடுத்தது, அமெரிக்கக் கதையை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்பது. அங்கே 1950 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. தூண்டில் சாமான்களுக்கு 10 சதவீத வரி வாங்கி, அந்தப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தரும், மீதி மாநிலத்தின் பங்கு. தூண்டில் உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலம் அந்த நிதிக்கான தகுதியையே இழக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் நம்மிடம் அப்படித் தனி நிதி இல்லை. 2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா யோஜனா என்ற மத்திய அரசின் மீன்வளத் திட்டம்தான் நாம் முதலில் பார்க்க வேண்டியது. அதில் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கும், ஆற்றில் குஞ்சு விடுவதற்கும் தனித்தனித் தலைப்புகள் உண்டு. தனிநபர் திட்டங்களில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 60 சதவீதம் மானியம். இந்தச் சதவீதம் நீங்கள் செய்த மொத்தச் செலவுக்கு அல்ல, திட்டத்தில் நிர்ணயித்த அலகுச் செலவுக்குத்தான், அதாவது அந்த வேலைக்கு இவ்வளவுதான் ஆகும் என்று அரசு வைத்திருக்கும் தொகைக்குத்தான். இதைக் கவனிக்காமல் கடன் வாங்கி இறங்கினால் கையைக் கடிக்கும்.

அப்புறம் இடம். 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். நீங்கள் மனசில் வைத்திருக்கும் கரை அதற்குள் வருகிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். உள்ளே வந்தால் மீன்வளத்துறை சம்மதம் மட்டும் போதாது. செலவு மதிப்பீடு போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.