வெட்டரிவாள், குக்ரி, மஷெட்டி: எது உங்கள் வேலைக்கு? நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

புதர் கழிக்க, காய்ந்த மரம் துண்டுபோட என்று பெரிய கத்தி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நீளத்தையும் கனத்தையும் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். கத்தி எப்படி வெட்டும் என்பதை அவற்றைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: வாயின், அதாவது வெட்டும் ஓரத்தின் சாய்வும், அந்த வாய்க்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இரும்பின் தடிமனும். கடையிலிருந்து வந்த நிலையிலேயே இரண்டு கத்திகளை வெட்டிப் பார்த்தால், கத்தியை விட்டுவிட்டுச் சாணை பிடித்தவரின் கையை ஒப்பிட்டதாகத்தான் ஆகும்.

எங்கள் நிலத்தின் வேலி முழுக்கச் சீமைக் கருவேலம். நடுவில் உன்னிச்செடி, ஓடையோரம் மூங்கில், வீட்டருகே தென்னை. இத்தனைக்கும் ஒரே கத்தி போதுமா என்று தெரிந்துகொள்ள நான் பின்பற்றிய முறையைத்தான் கீழே எழுதுகிறேன். எடுத்துக்கொண்டவை மூன்று: சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் அடித்த வெட்டரிவாள், முன்னோக்கி வளைந்து வயிறு அகன்ற நேபாளத்துக் குக்ரி, பிரேசிலின் டிராமன்டினா நிறுவனத்து மஷெட்டி (நீண்ட, மெல்லிய தகட்டுக் கத்தி). உங்களிடம் வேறு கத்திகள் இருந்தாலும் முறை மாறாது.

படி 1: கத்தியைத் தொடுவதற்கு முன் மரத்தைப் பாருங்கள்

வெட்ட வேண்டியவற்றை மூன்றாகப் பிரியுங்கள். விரல் தடிமனுக்கு உட்பட்ட பச்சைக் கொடி, செடி. மணிக்கட்டுத் தடிமன் கொண்ட பச்சைக் கிளை. காய்ந்து இறுகிய கட்டை. எது அதிகமோ அதற்குத்தான் கத்தி. காய்ந்த சீமைக் கருவேலம் வருடத்தில் ஓரிரு முறைதான் வரும் என்றால் அதற்காகக் கனமான கத்தி வாங்காதீர்கள். அந்த வேலைக்குக் கோடாலியோ ரம்பமோ இருக்கிறது.

படி 2: அளந்து எழுதுங்கள்

வெர்னியர் அளவி ஒன்று போதும். முதுகின் தடிமனை மூன்று இடங்களில் அளக்க வேண்டும்: பிடியருகே, நடுவில், மூக்கருகே (நுனிப்பக்கம்). மஷெட்டித் தகடு ஏறத்தாழ 2 மி.மீ., கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுபோல. நேபாளத்தில் வேலைக்கென்று அடிக்கும் குக்ரிகளின் முதுகு பெரும்பாலும் 8 முதல் 10 மி.மீ. வரை வரும். பட்டறை அரிவாள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கொல்லருக்குக் கொல்லர் மாறும்.

அடுத்து, கத்தியைக் கிடையாக ஒரு விரலின் மேல் வைத்து, சாயாமல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அந்தப் புள்ளி பிடியிலிருந்து தள்ளிப் போகப் போக வெட்டு பலமாக விழும். ஆனால் ஓங்கிய கத்தியை நடுவழியில் நிறுத்துவது கடினமாகும். பழக்கமில்லாத கைக்கு இந்த இரண்டாவது செய்திதான் முக்கியம்.

பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்றும் பாருங்கள். அழகாகப் பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கத்திகள் பலவற்றில், பிடிக்குள் பென்சில் பருமனில் ஒரு கம்பி மட்டுமே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவை சுவரில் மாட்ட மட்டுமே உதவும். ஓங்கி வெட்டும்போது அந்தப் பற்றவைப்பு விட்டால் தகடு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

படி 3: அரத்தால் இரும்பைக் கேளுங்கள்

பழைய அரத்தின் ஓரத்தை வாயின் மேல் லேசாக ஓட்டுங்கள். கண்ணாடியில் ஓட்டியதுபோல் வழுக்கினால் இரும்பு மிகக் கடினம். கணுவில் படும்போது வாய் சில்லாகத் தெறிக்கும். ஆணியைத் தேய்ப்பதுபோல் எளிதாகக் கடித்தால் மிக மென்மை, வாய் மடங்கிவிடும். தயங்கித் தயங்கிக் கடித்தால் நல்ல பதம்.

குக்ரியில் இதை ஒரே இடத்தில் செய்து முடிவுக்கு வராதீர்கள். நேபாளக் கொல்லர்கள் காய்ந்து சிவந்த தகட்டை முழுவதுமாகத் தண்ணீரில் முக்குவதில்லை. கெண்டியிலிருந்து வாயின் மேல் மட்டும் தண்ணீர் ஊற்றுவார்கள். அதனால் வெட்டு விழும் வயிற்றுப் பகுதி கடினமாகவும், முதுகு மென்மையாகவும் இருக்கும். நுனியும் பிடியருகும்கூட வயிற்றை விடச் சற்று மென்மையாகவே அமையும். அது குறையே இல்லை. நம் பட்டறை அரிவாளும் குக்ரியும் பெரும்பாலும் ஒரே பொருளிலிருந்துதான் பிறக்கின்றன: லாரியின் ஸ்பிரிங் பட்டை. ஏறத்தாழ 0.6 சதவீதக் கார்பன் உள்ள, அடி தாங்கும் எஃகு. விலையில் எவ்வளவு வேறுபட்டாலும் இரும்பு உறவுதான்.

படி 4: எல்லாக் கத்திகளுக்கும் ஒரே வாய் வையுங்கள்

பலரும் தாண்டிப் போய்விடுவது இந்தப் படியைத்தான். எனக்கும் வேலை அதிக நாள் நின்றது இங்கேதான். "20 டிகிரியில் தீட்டுங்கள்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 20 டிகிரி என்பது கையில் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. கோணமானி கத்தி வாயில் பயன்படாது. பள்ளிக்கூடத்துக் கணக்குதான் கைகொடுத்தது.

வாயின் சாய்வு எங்கே தொடங்குகிறதோ அந்தக் கோட்டில் தகட்டின் தடிமனை வெர்னியரால் அளவெடுங்கள். பிறகு அந்தக் கோட்டிலிருந்து வாய் நுனிவரை சாய்வின் அகலத்தை அளவெடுங்கள். இரண்டும் சமம் என்றால் ஒரு பக்கத்துச் சாய்வு 30 டிகிரி. மரம் வெட்ட இது மொண்ணை. அகலம், தடிமனைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் ஏறத்தாழ 20 டிகிரி. இரண்டுக்கும் நடுவில், அதாவது தடிமனைப் போல 1.2 மடங்கு என்றால் ஏறத்தாழ 25. பச்சை மரத்துக்கு 20, காய்ந்த கட்டைக்கும் மூங்கில் கணுவுக்கும் 25 என்பது என் தேர்வு. ஒப்பிடும்போது மட்டும் எல்லாவற்றுக்கும் 22 அளவில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். வாய் உருண்டு திரண்டிருக்கும் கத்திகளில் இந்தக் கணக்குத் துல்லியமாக வராது. முதலில் அரத்தால் தட்டையான சாய்வு ஒன்றை எடுத்துக்கொண்டு அளக்க வேண்டும்.

இனி அரம் பிடிப்பது. கத்தியை மேசை ஓரத்தில் கிடையாக வைத்து, வாய் உங்கள் பக்கம் சற்று வெளியே நீட்டியிருக்குமாறு இரண்டு இடுக்கிகளால் இறுக்குங்கள். அரத்தை வாயின் மேல் வையுங்கள். வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளி உள்ள அரத்தின் பிடி, வாயின் மட்டத்தைவிட 7 செ.மீ. தாழ்ந்திருந்தால் 20 டிகிரி, 7.5 செ.மீ. என்றால் 22. மேசைக் காலில் அந்த உயரத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் கண் தானாகப் பழகிவிடும். சாய்வு முழுவதும் மார்க்கர் மையைப் பூசி, இரண்டு தள்ளு தள்ளிப் பாருங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் அரம் படுகிறது. மேல்கோட்டில் மட்டும் அழிந்தால் பிடியை இன்னும் தாழ்த்துங்கள். வாய் நுனியில் மட்டும் அழிந்தால் உயர்த்துங்கள்.

வரிகள் ஒரே திசையில் ஓடும் தட்டை அரமே எனக்குப் பிடித்தது. தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். கை வாயை நோக்கிப் போகிற வேலை இது. மரப்பிடி போட்ட அரமும் தோல் கையுறையும் இல்லாமல் தொடங்க வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் நகத்தை உரசினால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். பிடி முதல் மூக்கு வரை அந்தப் பிசிறு விடாமல் எழுந்த பிறகே கத்தியைத் திருப்பிப் போடுங்கள். இரு பக்கமும் முடிந்ததும் சாணைக்கல்லில் சில இழுப்புகள் போதும்.

கையில் பிடிக்கும் மின் சாணையைப் புதியவர்கள் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மெல்லிய வாய் நொடிகளில் சூடேறும். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கார்பன் எஃகு நீல நிறம் காட்டும். அந்த நீலம் தெரிந்த இடத்தில் கொல்லர் கொடுத்த பதம் இறங்கிவிட்டது என்று பொருள். தண்ணீரில் முக்கினாலும் பழைய பதம் திரும்பாது.

படி 5: வெட்டிப் பாருங்கள்

ஒரே மரத்தின் ஒரே கிளையிலிருந்து எடுத்த துண்டுகள் வேண்டும். செங்குத்தாக வெட்டாமல் 45 டிகிரிச் சாய்வில் வெட்டுங்கள். கை களைப்படையும் என்பதால் வரிசை முக்கியம்: அரிவாள், குக்ரி, மஷெட்டி என்று ஒரு சுற்று, அடுத்த சுற்று மஷெட்டியில் தொடங்கித் தலைகீழாக. எத்தனை வெட்டில் துண்டானது என்று சுவரில் கரிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஒரு சிறு வேலை. பிடியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, முதுகை ஒரு மரத்துண்டால் பிடியருகிலிருந்து மூக்கு வரை தட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் தட்டும்போது விரலில் அதிர்வு மிகக் குறைவாக இருக்கிறதோ, அங்கே வெட்டு விழ வேண்டும். குக்ரியில் இது வயிற்றின் அகன்ற பகுதியில் வரும். மஷெட்டியில் இன்னும் நுனிப்பக்கம்.

எனக்குக் கிடைத்த முடிவு இது. உன்னிச்செடியிலும் புல்லிலும் மஷெட்டிக்கு இணையே இல்லை. இந்த வேலைக்குக் கனம் தேவையில்லை. வேகம்தான் வெட்டுகிறது, மெல்லிய தகட்டை வேகமாக வீச முடியும். நீளம் இன்னொரு காரணம்: சீமைக் கருவேல முள்ளிலிருந்து கை ஒரு முழம் தள்ளியே நிற்கிறது. காய்ந்த கட்டையில் அதே மஷெட்டி ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே போகாமல் அதிர்ந்து மணிக்கட்டை நோகடிக்கிறது. அங்கே குக்ரி முன்னால் வருகிறது. தடித்த முதுகு ஆப்பாக மாறிச் சில்லுகளை விலக்கிவிடுகிறது. தென்னை மட்டையிலும் கிளை கழிப்பதிலும் வெட்டரிவாளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வளைந்த மூக்கு கிளையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கிறது; நிமிர்ந்த கத்தி எதுவும் அதைச் செய்வதில்லை. மொண்ணையானால் ஊர்ப் பட்டறையிலேயே காய்ச்சி அடித்து வாங்கிக்கொள்ளலாம் என்பது இன்னொரு பலம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வெட்டரிவாள். இரண்டு என்றால் அதனுடன் 45 செ.மீ. மஷெட்டி. குக்ரி அருமையான கருவி. ஆனால் நம் தோட்ட வேலையில் அதன் திறமையில் பாதிக்கு இடமில்லை.

படி 6: வெட்டிய பின் வாயைப் பாருங்கள்

வெயிலில் வாயை மேல்நோக்கிப் பிடியுங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. மின்னும் புள்ளிகள் எல்லாம் மழுங்கிய இடங்கள். மடங்கியிருந்தால் சாய்வை 2 டிகிரி கூட்டுங்கள். சில்லாக உடைந்திருந்தால் சாய்வையும் கூட்டிப் பார்க்கலாம். பிறகும் உடைந்தால் இரும்பின் பதம் அதிகம், கொல்லரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

எங்கே எடுத்துச் செல்லலாம்?

ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. குக்ரி பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது. வீட்டு வேலை, வேளாண்மை போன்றவற்றுக்கென வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே தோட்டத்துக்குப் போகும்போது உறையிலிட்டு, சாக்கில் சுற்றி, மற்ற கருவிகளோடு கொண்டுபோங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, சரணாலயத்துக்குள் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி ஆயுதம் கொண்டுபோவதைத் தடுக்கிறது. மலையேற்றத்துக்குப் பெரிய கத்தி வேண்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை

வாசகர்கள் எழுதியவற்றிலிருந்து மூன்று சிக்கல்கள்.

புதிய மஷெட்டியில் அரம் வழுக்குகிறது என்று பலர் எழுதினார்கள். தகட்டின் மேல் துருவைத் தடுக்கப் பூசிய வார்னிஷ் அரத்தின் வரிகளை அடைத்துவிடுகிறது. முதலில் தின்னரால் துடைத்தெடுங்கள். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் இரும்புத் தூளும் ஒட்டாது.

காருக்குள் வெயிலில் விட்ட குக்ரியின் பிடி ஆடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பிடி முழுக்க இரும்பு ஓடாத குக்ரிகளை மரப் பிசின் கலவையால்தான் ஒட்டுகிறார்கள். சூட்டில் அது இளகும். நிழலில் வையுங்கள். ஆடத் தொடங்கிய பிடியோடு ஒரு வெட்டுக்கூட வேண்டாம். அரிவாளின் மரப்பிடி கோடையில் தளர்ந்தால் தண்ணீரில் ஊறப்போடுவதும் தீர்வாகாது. காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகத் தளரும். பூணைக் கழற்றி ஆப்பு அடித்து மாட்டுங்கள்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு: சில பட்டறைகளில் ஒரு பக்கம் மட்டும் சாய்வு வைத்து வாய் எடுப்பார்கள். வலக்கைக்கென்று எடுத்த அந்த வாய் உங்கள் கையில் மரத்தைவிட்டு விலகி ஓடும். அரிவாள் அடிக்கச் சொல்லும்போதே "இரண்டு பக்கமும் வாய் எடுத்துக் கொடுங்கள் அண்ணே" என்று கேட்டு வாங்குங்கள். அடித்து முடித்த பிறகு மாற்றுவதென்றால் இரும்பு நிறைய வீணாகும்.